பக்கத்து சீட் பிரேக்

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருபவர்கள் அவள் தம்பிக்கு வைத்திருந்த பெயர் ஆமை. வேகம் முப்பதைத் தாண்டினாலே அவன் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும் என்று கேலி பேசுவார்கள். அந்த ஆமைதான் நாற்பதுக்கு மேல் போகக்கூடாத தெருவில் எண்பத்தைந்தில் போய், சைக்கிளில் வந்த ஒருவரைத் தள்ளிவிட்டு, தையல்கடைச் சுவரில் முட்டி நின்றதாகப் போலீஸ் வழக்குப் போட்டிருந்தது. சைக்கிள்காரருக்கு மணிக்கட்டு உடைந்திருந்தது. வண்டி, அவளும் கணவரும் நடத்தும் டிரைவிங் ஸ்கூலுடையது; தம்பி அங்கே சொல்லித்தருகிறவன்.

பன்னிரண்டு நாளாக அவள் தம்பியை நம்பவில்லை. நான்தான் ஓட்டினேன், தனியாகத்தான் போனேன், ஏதோ நினைப்பில் மிதித்துவிட்டேன் என்பதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அப்படி என்ன நினைப்பு? போனில் பேசிக்கொண்டே போனானா? பகலிலேயே குடித்தானா? அவன் குளிக்கப் போயிருந்தபோது போனை எடுத்துப் பார்த்தாள். அந்த நேரத்தில் ஒரு அழைப்புகூட இல்லை. வைத்த இடத்தில் அதே கோணத்தில் திருப்பி வைத்தபோது தன்மேலேயே கூச்சமாக இருந்தது. சந்தேகம் மட்டும் கூசவில்லை. கணவரிடம் புலம்பினாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், சின்ன வயசு, விடு என்றார். முப்பத்திநாலு வயது எப்போதிலிருந்து சின்ன வயதானது என்று அவள் யோசித்தாள்.

வக்கீலம்மாவின் அறை ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அவர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். குற்றம் நிரூபணமானால் தம்பியின் லைசென்ஸ் ஒரு வருடத்துக்காவது முடங்கும். சொல்லித்தரும் சான்றிதழும் போய்விடும். அது போனால் ஸ்கூலுக்கான அனுமதியும் நிற்காது. ஆளுக்குக் காயம் என்பதால் சில மாதம் சிறைகூட வரலாம். வெறும் கவனக்குறைவு என்று ஆக்கிவிட்டால் அபராதத்தோடு தப்பிக்கலாம். ஆபத்து என்று தெரிந்தும் அலட்சியமாக ஓட்டினான் என்பதை எதிர்த்தரப்புதான் காட்டியாக வேண்டும்.

பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லலாமா என்று தம்பி கேட்டான். அன்று காலை பிரேக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது உங்கள் அக்கா, பழி அவர் தலையில் விழும் என்றார் வக்கீல். ஓட்டும்போது திடீரென்று உடம்புக்கு முடியாமல் போயிருந்தால் அது நல்ல எதிர்வாதம். ஆனால் வியாதி இருப்பது தெரிந்தே வண்டியில் ஏறி உட்கார்ந்தவருக்கு அது உதவாது, விஷயத்தை இன்னும் மோசமாக்கிவிடும். அப்படி உங்களுக்கு ஏதாவது உண்டா என்று அவர் கேட்டதும் தம்பி இல்லையென்று தலையாட்டினான். வேண்டிய அளவுக்கு மேலேயே ஆட்டுகிறான் என்று அவளுக்குப் பட்டது.

பிறகு வக்கீல் ஒரு தாளை எடுத்தார். தையல்காரரின் வாக்குமூலம் அது. உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்தேன், வண்டி வருவதற்கு முன்னால் விடாமல் ஒரு சத்தம் கேட்டது, பூச்சி கத்துகிற மாதிரி. அப்புறம் மோதல். துணியைப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது ஒருவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இதுதான் நமக்குப் பிடி. ஹாரன் அடிச்சு எச்சரிச்சிருக்கார். அலட்சியமா போறவன் எதுக்கு ஹாரன் அடிக்கப் போறான்? எங்க வண்டி ஹாரன் சத்தம் அப்படித்தான் இருக்கும்னு நீங்க கோர்ட்ல ஒரு வார்த்தை சொன்னா போதும்."

சொல்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றாள். தம்பி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் வண்டியின் ஹாரன் பூச்சி மாதிரி கத்தாது. அப்படிக் கத்துவது பஸ்ஸர். சொல்லித்தருபவரின் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்தால் மட்டும் அது கத்தும். டெஸ்டின்போது பக்கத்தில் இருப்பவர் திருட்டுத்தனமாக உதவினால் அதிகாரிக்குத் தெரியட்டும் என்று வைத்தது. ஸ்டியரிங் பிடித்திருப்பவரின் கால் அந்த பிரேக்குக்கு எட்டாது.

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் கேட்டாள். "அது ஹாரனாடா?"

"ஹாரன்தான்க்கா."

"என் மூஞ்சியப் பாத்து சொல்லு."

"வண்டி வருது, ஓரமா வா," என்றான். கொஞ்ச தூரம் போனதும் ஒரு வேலை இருக்கிறது, நீ போ என்று வேறு தெருவில் திரும்பிவிட்டான்.

அவள் தனியாக நடந்தாள். தம்பி பக்கத்து சீட்டில் இருந்தானென்றால் ஸ்டியரிங்கில் வேறு யாரோ. கற்றுக்கொள்ள வந்த யாரோ ஒருவருக்காக இவன் சிறைக்குப் போக மாட்டான். யாருக்காகப் போவான்? எனக்காகப் போவான். அடுத்த ஆளைத் தேட அவள் மனம் ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஸ்கூலைத் தொடங்கியவர் அவள் கணவர். தம்பிக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மூன்று வருடத்துக்கு முன் வலிப்பு வந்து, இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆபீஸ் நாற்காலியோடு நின்றுவிட்டவர்.

வீட்டில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு நாளாகச் சளி என்று சொல்லிக் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, தனி அறையில் தூக்கம். ஒருமுறையாவது அவர் இருமிக் கேட்டோமா என்று அவள் இப்போதுதான் யோசித்தாள்.

"ஏங்க, சட்டையக் கழட்டுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்காததால் மேல் பொத்தான்களை மட்டும் கழற்றினார். வலது தோளிலிருந்து மார்புக்குக் குறுக்காக, பெல்ட் அகலத்துக்கு, பழுத்து மஞ்சளாகிப்போன கன்றல். ஓட்டுகிறவரின் பெல்ட் இறங்கும் தோள்.

"வலிப்பு வந்துச்சா?"

"இல்ல."

"பின்ன?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "நல்லா இருந்துச்சு. மூணு வருஷம் கழிச்சு அந்த வேகம். அவன் பிரேக்க மிதிச்சான். நான் விடாம ஆக்ஸிலேட்டர அழுத்தினேன்."

விழுந்தவரை எட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். மச்சான்தான் பின்சந்து வழியாக அனுப்பிவிட்டான் என்றார். அவர் குரலில் இருந்தது வெட்கமா, அந்த வேகத்தின் மிச்சமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சொல்வது உண்மைதானா என்பதும் தெரியவில்லை. வலிப்பு என்று ஒப்புக்கொண்டால் வழக்கு மோசமாகும், லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்ற கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும். அதற்கு இந்தக் கதை மேல் என்று நினைத்திருக்கலாம். பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், இரண்டில் எது இந்த மனிதர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஹாரன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்," என்றார் அவர், மெதுவாக. "யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

அவள் அசையாமல் நின்றாள். "ஹாரனப் பத்தி நான் இன்னும் உங்ககிட்ட வாயே திறக்கலியே."

வேறு தெருவில் திரும்பியவனுக்கு என்ன வேலை இருந்தது என்று அவளுக்குப் புரிந்தது. இரண்டு பேரும் பேசி முடித்து, பாக்கி இருந்த ஒரு வார்த்தையை மட்டும் அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அவள் மறுப்பாள் என்ற பயமில்லாமல் ஒதுக்கியிருந்தார்கள்.

அவர் முன்னாலேயே வக்கீலுக்குப் போன் போட்டாள். அந்தச் சத்தம் ஹாரன் இல்லை என்று சொன்னாள்.

மறுமுனையில் ஏதோ தாள் புரளும் ஓசை நின்றது. "யோசிச்சு பேசுங்க," என்றார் வக்கீல். "இதுக்கு மேல நீங்க சொல்றத நான் கேக்காத மாதிரி இருக்க முடியாது. அந்த ஹாரன வச்சு என்னால கோர்ட்ல வாதாடவும் முடியாது."

கணவர் சட்டையின் பொத்தான்களைத் திரும்பப் போட ஆரம்பித்திருந்தார்.

"யோசிச்சுட்டேங்க," என்றாள். "வண்டியில ரெண்டு பேர் இருந்தாங்க."