காலிப் பட்டறையின் படம்

மேட்டுவளவு தறிப்பட்டறைகளுக்குள் ஒரு குழந்தையைப் படமெடுக்கும் கேமரா இன்னும் உலகத்தில் செய்யப்படவில்லை என்று பட்டறைக்காரர் கந்தவேல் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அறிவித்தார். யாரும் சிரிக்கவில்லை. தொழிலாளர் துறை ஜீப் காவிரிப் பாலம் ஏறியதும் பேக்கரியிலிருந்து போன் வரும்; தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் பிள்ளைகள் பின்கதவு வழியாக மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார்கள். மாவட்டத்திலேயே பக்தி மிகுந்த பிள்ளைகள் இவர்கள்தான் என்று ஓர் அதிகாரி எழுதிவைத்திருக்கிறார்.

ஏப்ரலில் சேலத்திலிருந்து சௌந்தர்யா என்ற புகைப்படக்காரப் பெண் வந்தாள். கந்தவேல் பட்டறையில் நூல் சுற்றும் பதினொரு வயது நிலாவை ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வெளியே கொண்டுவந்து ஆறாம் வகுப்பில் உட்காரவைப்பது என்ற முடிவோடு வந்திருந்தாள். அவள் வந்தபோதும் பேக்கரியிலிருந்து போன் வந்தது; பிள்ளைகள் கோயிலுக்குப் போய்விட்டார்கள். கந்தவேல் கதவை அகலத் திறந்துவிட்டார்.

"எடுத்துக்குங்க அம்மிணி. எடுத்து, திங்கக்கெழம கலெக்டராபீஸ்ல மனு குடுக்கற வரிசையில படத்த நெஞ்சுல அணைச்சுட்டு நில்லுங்க. வேற சோலி இல்லாதவங்களுக்குத்தானுங்க அது."

ஆளில்லாத பட்டறையை அவள் முப்பத்திரண்டு முறை எடுத்தாள். பிரிண்ட் போட்டபோது முப்பத்திரண்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். ஸ்டுடியோக்காரர், "கூட்டம் ஜாஸ்திங்க மேடம், பெரிய சைஸ்ல போட்டுரலாம்" என்றார். பிள்ளைகள் காகிதத்திலும் வேலையை நிறுத்தவில்லை. நூல் சுற்றும் கட்டை ஒன்று நிரம்பியதும் அடுத்ததை எடுத்தார்கள். மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளில் மட்டும் படத்திலும் ஓய்வு.

ஒரு பிரதியைக் கொண்டுவந்து கந்தவேலிடம் நீட்டினாள்.

"பட்டறை நம்முளுது. புள்ளைங்க நீங்க ஒட்டுனது" என்றார் அவர்.

தறி ஓட்டிக்கொண்டிருந்த நிலாவின் அம்மா தெய்வநாயகி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க மொதலாளி, அந்தக் கோடியில எட்டாம நூல்பொட்டி மேல ஏறி நிக்கிறது நீங்கதானுங்களே? புருவத்துல அதே தழும்பு."

அந்தப் பையனுக்கு ஒன்பது வயதிருக்கும். கந்தவேல் படத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அன்று பிற்பகல் மெயின் சுவிட்சை இறக்கினார். படத்திலிருந்த பையன் பெட்டியில் உட்கார்ந்து விரல்களை ஊதிக்கொண்டான். சுவிட்சை ஏற்றியதும் எழுந்து நின்றான். அடுத்த வாரங்களில் மேட்டுவளவில் அறிவிப்பில்லாத மின்தடை மிகுந்த ஒரே பட்டறை கந்தவேலுடையதுதான்.

பள்ளி திறந்த அன்று நிலாவைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் அவரே இறக்கிவிட்டார். மற்ற பிள்ளைகளும் பின்கதவு வழியாகத் திரும்பி வரவில்லை. படத்தில் அவர்களுடைய இடங்கள் காலியாயின. பையன் மட்டும் போகவில்லை. யாரும் சொல்லாமலே அத்தனை பேர் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"உக்காரு சாமி, போதும்" என்றார் கந்தவேல் காகிதத்திடம். முதலாளிக்குப் பயந்த பையன் தலையைத் தூக்கவில்லை. பக்கத்துப் பட்டறைகள் சடசடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

அடுத்த திங்கட்கிழமை சௌந்தர்யா மீதிப் படங்களோடு நாமக்கல் கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். மனு வரிசையில் அவளுக்கு நான்கு பேர் முன்னால், படத்தை நெஞ்சோடு அணைத்தபடி கந்தவேல் நின்றார். கையிலிருந்த மனுவில், பிள்ளைகளை வேலைக்கு வைத்த பதினேழு பட்டறைகளின் பெயர்கள். முதல் பெயர் அவருடையது. கந்தவேலுக்கு முன்னால் நின்றவர் படத்தைப் பார்த்துவிட்டு, "பையனுக்குக் கால் நோவுமுங்க, முன்னால போங்க" என்று வழிவிட்டார்.

மனுவைப் பதிவு செய்த ஊழியர் படத்தைப் பார்த்தார், கந்தவேலின் புருவத் தழும்பைப் பார்த்தார். மனுதாரர் வயது என்ற கட்டத்தில் ஒன்பது என்று எழுதிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.