கிளமென்டைனும் மாண்டரின்தான்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. நான் வாங்கி வந்த குட்டி ஆரஞ்சுப் பழத்தை மாண்டரின் என்றேன். வீட்டில் கிளமென்டைன் என்றார்கள். இரண்டுமே சரி என்று தெரிய அரைநாள் ஆயிற்று. மாண்டரின் என்பது குடும்பப் பெயர். தோல் தொளதொளவென்று கழன்றுவரும் சட்சுமா, சிவப்பேறிய டாஞ்சரின், பெரும்பாலும் கொட்டையில்லாத கிளமென்டைன் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

2

பழக்கிடங்கின் மங்கிய ஒற்றை விளக்கின் கீழ் அவர் குனிந்து— (வேண்டாம். அங்கே பட்டப்பகலிலும் இருபது குழல்விளக்கு எரியும்.)

அவர் அங்கே பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவர். எது வந்தாலும் ‘மாண்டரின்’ என்று ஒட்டிவிடுவார். பொய்யுமில்லை, வம்புமில்லை. ஒருநாள் காலை மேலாளர் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

“பொதுவா எழுதுற வேலையே வேணாம். எது என்னன்னு கரெக்டா எழுதுங்க.”

எழுதினார். மதியத்துக்குள் நானூறு பெட்டி. ஒன்றுகூடத் தப்பில்லை.

3

அப்போதுதான் அவர் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவோடு ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது. பதினொரு வருடமாக அவரை அப்பா என்று கூப்பிடுகிறவள். யாரென்று மேலாளர் கேட்டார்.

“என் சம்சாரத்தோட பொண்ணுங்க. அவங்க மொதக் கல்யாணத்துல பொறந்தது.”

(இங்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு மடையனாக ஒருவர் இருப்பாரா? நான் மட்டும் என்னவாம், மேலே ‘ஒரு பெண்’ என்றுதானே எழுதியிருக்கிறேன்.)

அவள் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். டப்பாவைத் திறந்தபோதுதான், அவள் காதுபடத் தான் சொன்னது அவருக்கு உறைத்தது. திறந்ததை அப்படியே மூடிவைத்தார்.

4

முதலில் எழுதிய முடிவில் அவள் அழுதாள், அவர் அழுதார், அம்மாவும் வந்து— (மூன்று பேர் அழுதால் நானே எழுந்து போய்விடுவேன்.)

அடுத்ததில் அவர் ஒரு பெட்டிப் பழத்தோடு போய், எல்லாமே மாண்டரின்தாம்மா என்று விளக்கினார். படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

கடைசியில் நின்றது இதுதான். சாயங்காலம் கதவைத் திறந்தது அவளேதான். முகத்தில் கோபமில்லை. உள்ளே திரும்பிச் சொன்னாள்:

“அம்மா, அவர் வந்துட்டாரு.”

பதினொரு வருடமாக அந்த வீட்டுக்கு அப்பாதான் வந்துகொண்டிருந்தார். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். பயமாக இருந்தது.

இப்போது அவர் ஏதாவது சொல்ல வேண்டும். ஏழு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். ஏழும் விளக்கமாகவே இருக்கின்றன. அவள் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். பெண்ணைப் பெற்றவர்களோ, பெறாமல் வளர்த்தவர்களோ, யாராவது சீக்கிரம் எழுதிவிடுங்கள்:

“                                        ”