இருபத்தாறு நிமிடம்

கம்பெனியிலிருந்து வந்த படிவம் நாலு பக்கம். நடந்ததை வரிசையாக, ஒவ்வொன்றும் எப்போது நடந்தது என்று நேரம் குறிப்பிட்டு, ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டுமாம். பதினெட்டு வருஷமாகக் குளிர்கிடங்கில் பொறுப்பாளராக இருப்பவருக்கு மீன்பெட்டியில் ஒட்டியிருக்கும் ஆங்கிலம் தெரியும். அதைத் தாண்டினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். பெண்டாட்டி ஆங்கில டீச்சர்தானே, அவள் எழுதித் தருவாள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். செத்துப்போனது அந்த டீச்சரின் சொந்தத் தம்பி என்பது அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை.

தம்பிக்குக் கிடங்கில் 'வாலு' என்று பெயர். அக்கா புருஷனைச் சீண்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. குளிரறைக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அடிப்பதற்கு ஓர் அபாய மணி உண்டு. அந்த வாரம் மட்டும் சும்மா மூன்று தடவை அடித்தான். மூன்று தடவையும் அவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். "என்ன மாமா, தொப்பை குறைஞ்சுதா?" என்று உள்ளே நின்று பல்லைக் காட்டினான். நாலாவது தடவை இரும்பு ராக் சரிந்து அவன் தொடையைக் கிழித்திருந்தது.

டீச்சர் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. ஆனாலும் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே அவருக்கும் சொன்னாள்.

"முடிஞ்சுபோனதைச் சொல்றப்போ எப்பன்னு முதல்ல சொல்லிடணும். நேத்து, போன வாரம், பத்து நிமிஷத்துக்கு முன்னாடி, அதுக்கப்புறம்னு. இல்லேன்னா படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. சொல்லுங்க."

"போன செவ்வாக்கிழமை லாரி போச்சு. ஆளுங்களும் அதுலயே போயிட்டாங்க. கேட்டைச் சாத்துன கையோட மணி அடிச்சுது. இம்மீடியட்லி ஓடினேன்."

இந்த ஒரு வார்த்தையை ஆபீஸ் கிளார்க்கிடம் கேட்டு மூன்று நாளாக மனப்பாடம் செய்துவைத்திருந்தார்.

"கேட்டைச் சாத்துனது எத்தனை மணிக்கு?"

"மூணு பத்து."

வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார். டீச்சர் கைப்பையிலிருந்து ஆம்புலன்ஸ் சீட்டை எடுத்துப் பார்த்தாள். கதவைத் திறந்ததும் கூப்பிட்டேன் என்று அவர் சொன்ன ஆம்புலன்ஸ். கூப்பிட்ட நேரம் மூன்று முப்பத்தாறு என்று போட்டிருந்தது.

"நடுவுல இருபத்தாறு நிமிஷம் இருக்கே, ஏங்க?"

பதினாறு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளிடம் முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது?

"திரும்பவும் வெளையாடுறான்னு நெனச்சேன். இன்னிக்குப் போகக் கூடாது, அவனே வெளிய வரட்டும்னு உக்காந்துட்டேன்."

"ஒரு தடவைதான் அடிச்சானா?"

"இல்ல. விட்டு விட்டு, ஒரு கால் மணி நேரம். அப்புறம் நின்னுடுச்சு."

"நின்னப்போ நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சிரிச்சுக்கிட்டிருந்தேன். தோத்துட்டான்னு நெனச்சேன்."

கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் நின்றாள். இப்போது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தன்னை அடித்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அவள் அடிக்கவில்லை.

உள்ளறையில் அவளுடைய அம்மா படுத்திருந்தாள். மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னது ஒன்றுதான்: "மணி அடிச்ச உடனே மாப்பிள்ளை ஓடினாராம். அப்படி ஓடியும் கைக்குக் கிடைக்கலையே, அவரு பாவம் என்ன பண்ணுவாரு!" அதைச் சொல்லிச் சொல்லித்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

டீச்சர் பேனாவை எடுத்தாள். மணி அடித்தது மூன்று முப்பத்தைந்துக்கு என்று எழுதினாள். இம்மீடியட்லி என்பதையும் ஓர் எழுத்துகூடக் கோணாமல் எழுதினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டி, படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"அம்மா இருக்கற வரைக்கும் அவங்ககிட்ட இதையே சொல்லுங்க," என்றாள். "எங்கிட்ட மட்டும் இனிமே அவன் பேரை எடுக்காதீங்க."