நிருபேன் நாரை என்றால் நாரைதான்

அந்தக் குளிர்காலம் முழுக்க, தீஸ்தா ஆற்றுத் தடுப்பணையின் நீர்த்தேக்கத்தில் படகோட்டி நிருபேன் பர்மன் எந்தப் பறவைக்கு எந்தப் பெயரைத் தவறாகச் சொன்னாலும், அந்தப் பறவை மறுபேச்சில்லாமல் அதுவாகவே மாறிவிட்டது. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. விஷயம் மனைவி மாலதிக்கு மட்டும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கூப்பிட்டால் குளிர் போகட்டும் என்பார். குளிர் போனால் மழை விடட்டும் என்பார். கண்ணுக்கு அருகே கத்தி வருவதை நினைத்தாலே துடுப்பைத் தூக்கிக்கொண்டு துறைக்குக் கிளம்பிவிடுவார். பகுல்தலாத் துறையில் பத்தொன்பது படகுகள். வரிசைப்படிதான் ஆள் ஏற்ற வேண்டும். பார்வை போனவன் துடுப்பைப் படகோட்டிகள் சங்கத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். துடுப்பைக் கொடுத்துவிட்டால், மிச்ச ஆயுளுக்கும் மாலதியின் அடுப்படியில் உட்கார்ந்து "கொஞ்சம் நகருங்க" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் நிருபேன் காதால் கேட்டும், மீதியைத் துணிச்சலால் நிரப்பியும் முப்பத்து நாலாவது குளிர்காலத்தைத் தொடங்கினார்.

முதலில் மாறியது ஒரு நாமக்கோழி. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம், ஏரியில் எண்ணி மாளாத கூட்டம். அதைப் பார்க்கக் காசு கொடுத்து எவனும் படகு ஏறமாட்டான். கல்கத்தாவிலிருந்து வந்திருந்த லாஹிரி, வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், குரங்குக் குல்லாவும் பீரங்கி மாதிரிக் கேமராவுமாகப் படகில் உட்கார்ந்து, "அது என்னப்பா?" என்றார். நிருபேன் பனிமூட்டத்துக்குள் கையை நீட்டி, "அரிவாள் வாத்து. சைபீரியாக்காரன்" என்றார். நாமக்கோழி தன்னை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டது. யாருக்கு என்ன நஷ்டம் என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். தலை பச்சையாக மின்னியது, முதுகிலிருந்து அரிவாள் அரிவாளாக இறகுகள் வளைந்து இறங்கின. பதினொரு குளிர்காலமாக அந்த வாத்தைத் தேடிக்கொண்டிருந்த லாஹிரி இருநூறு படம் எடுத்துவிட்டு, குல்லாவைக் கழற்றிவைத்து அழுதார். மட்டச் சரக்கும் உசந்த பெயரில் விலை போகும் என்பது சந்தையில் வளர்ந்தவனுக்குத் தெரியும். நாமக்கோழிகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் முதல் அவை பதவி உயர்வுக்கு மனுக் கொடுக்க வந்தவர்கள் போல நிருபேனின் படகைச் சுற்றியே மிதந்தன. படகு நெருங்கிப் போய், அவர் கண்ணைச் சுருக்கி, "அட, நாமக்கோழியா நீ?" என்று சொல்லிவிட்டால் மட்டும் பழைய உருவம் திரும்பிவிடும். பாவம், அது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். இரண்டொரு தடவை அப்படி ஆனபிறகு, நிருபேன் எதற்கும் கிட்டே போவதை நிறுத்திக்கொண்டார்.

தை பிறப்பதற்குள் வருகிறவர்களெல்லாம் வரிசையை விட்டுவிட்டு நிருபேன் படகுதான் வேண்டும் என்றார்கள். அவருக்கு அடுத்த வரிசைக்காரன் துலால் மண்டல். நெட்டையன், கூன் முதுகு, தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது. ஈ ஓட்டிக்கொண்டிருந்த அவன்தான், கட்டிப்போட்டிருந்த ஒரு மாட்டிடம் நிருபேன், "வாங்க வாத்தியாரே, பொண்ணு கல்யாணம் நல்லா நடந்துச்சா?" என்று விசாரித்ததைப் பார்த்தவன். மாடு வாத்தியாராகவில்லை, பறவைப் பெயர்களுக்குத்தான் அந்தச் சக்தி. துலால் நேராக ஓடியது சங்கச் செயலாளர் பரேஷிடம். பரேஷ் அவனுக்கு மச்சான். துலாலின் மனைவி பாருல் பரேஷின் தங்கை. ஞாயிற்றுக்கிழமை காலை கரையில் பரீட்சை வைத்தார்கள். மூன்று பறவை, மூன்றும் சரியாகச் சொல்ல வேண்டும், ஒன்று தப்பினாலும் துடுப்பு சங்கத்துக்கு.

ஊசிவால் வாத்தைக் காட்டினார்கள். நிருபேன் கொண்டை முக்குளிப்பான் என்றார். பரேஷ் பைனாகுலரில் பார்த்தான், கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தான், சரி என்று எழுதினான். நீர்க்காகத்தைச் சக்கரவாகம் என்றார், அதுவும் சரியாகிவிட்டது. மூன்றாவதற்குப் பரேஷ் ஒரு தந்திரம் வைத்திருந்தான். ஈரக் காவிச் சால்வையைப் போர்த்தி, துலாலையே மணல்திட்டின் ஓரம் முழங்கால் தண்ணீரில் நிறுத்தியிருந்தான். மனுஷனைப் பறவை என்றால் ஆள் தொலைந்தான்!

நிருபேன் வெகுநேரம் பார்த்தார். "மொட்டைத் தலை, கூன் முதுகு. பெருநாரை. கொஞ்சம் கிழடு, சீக்கு வேற வந்திருக்கும்போல."

கரையில் கிளம்பிய சிரிப்பு பாதியில் நின்றது. சால்வை இரண்டு பக்கமும் விரிந்து இறகாகி மடங்கியது. துலால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

பாருல் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஏண்ணே, காலையில வேட்டியோட அனுப்பின ஆளு இப்ப றெக்கையோட நிக்கிறாரே! இந்த ஒசரத்துக்கு என் வீட்டு வாசல்ல எப்படி நுழைவாரு? உன் சங்கம் நாசமாப் போக!"

"நான் என்ன செய்வேன்? சொன்ன வாய்தான் திரும்ப எடுத்துக்கணும்" என்ற பரேஷ், நிருபேன் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தான். "அண்ணே, அது துலால்னு சொன்னீங்கன்னா மூணாவது தப்பு, துடுப்பைக் கொடுத்துடணும். நாரைதான்னு சொன்னீங்கன்னா துடுப்பு உங்களுக்கு, ஆனா என் தங்கச்சி என்னைக் கொன்னுடுவா. பாத்துச் சொல்லுங்க."

நிருபேன் படகைத் தள்ளினார். நாமக்கோழிகள் வழிவிட்டன. கை தொடும் தூரத்தில் நாரையிடம் பீடி வாசனை அடித்தது. வரிசையைப் பறிகொடுத்த நாட்களில் துலால் எப்படிப் பார்ப்பானோ அப்படியே அது பார்த்தது; அலகைத் திறந்து மூடியது. கரையில் மாலதி அசையாமல் நிற்பதாக நிருபேனுக்குப் பட்டது. அது மாலதிதான் என்று சத்தியம் செய்ய அவரால் முடியாது. துடுப்பின் கைப்பிடியை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "நாரையாவது மண்ணாங்கட்டியாவது! டேய் துலால், தண்ணி சில்லுனு இருக்குடா, ஏறித் தொலை."

துலால் ஏறினான்.

கரைக்கு வந்ததும் பரேஷ் துடுப்புக்குக் கையை நீட்டினான். நிருபேனும் கொடுக்கத்தான் போனார். மனைவியின் போர்வைக்குள் வெடவெடத்துக்கொண்டிருந்த துலால் குறுக்கே வந்தான்.

"எதுக்கு மச்சான்?"

"மூணாவது தப்பு."

"எது தப்பு? அவரு நாரைன்னாரு, நான் நாரையாத்தான் நின்னேன். கிட்ட வந்து துலால்னாரு, துலாலாத்தான் ஏறினேன். ரெண்டும் சரி. நின்னவன் நானா, நீயா?"

"நீயே வந்து புகார் கொடுத்துட்டு…"

"புகார் கொடுக்கறப்ப நான் நாரை ஆனதில்லையே! ஒரு மீனை முழுசா முழுங்கியிருக்கேன். ருசியைச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று பரேஷ் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். கரைக் கூட்டத்தில் நின்றிருந்த லாஹிரி தன் கேமராவைக் காட்டினார். நாரை அச்சுக் கோத்த மாதிரித் தெளிவாக விழுந்திருந்தது, துலால்தான் கலங்கலாக விழுந்திருந்தான். அந்த நாரையைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாமா என்பது மட்டுமே அவருடைய கேள்வி. சேர்த்துக்கொள்ளலாம் என்று சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்தது. நாற்பது முழத் தூரத்திலேயே தன் பெயரைக் கத்திச் சொல்லாமல் யாரும் நிருபேனை நெருங்கக்கூடாது என்றும் அன்றே எழுதிவைத்தார்கள்.

இன்றைக்கும் அந்தத் துறையில் "பரேஷ் வர்றேன், பரேஷ்!" என்று காலையில் சத்தம் கேட்கும். வனக்காவலர்களும் கத்திக்கொண்டுதான் வருவார்கள். காட்டிலிருந்து இறங்கும் யானைகளுக்கு மட்டும் விலக்கு. தன் முறைக்குக் காத்திருக்கும்போது துலால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பான். மத்தியானம் பாருல் சோறும் பொரித்த போரோலி மீனும் கொண்டுவருவாள். புருஷனின் பங்கில் இரண்டு மீனை மட்டும் அவள் பொரிப்பதில்லை.