கணக்கில் இரண்டு முறை தோற்றவள்

டியூஷன் சென்டர் முதலாளி கொடுத்த தாளில் மூன்று கட்டங்கள் இருந்தன: பின்னணி, கற்பிக்கும் முறை, தனிப்பட்ட ஆர்வங்கள். சென்டரின் புது விளம்பரப் புத்தகத்தில் ஆசிரியர்களின் படத்துக்குக் கீழே போடுவதற்காம். கணக்கு டீச்சர் பத்தே நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டாள். வாசித்த முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

“டீச்சர், இதை அச்சடிச்சா நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.”

அப்படி என்ன எழுதிவிட்டாள்? உள்ளதைத்தான். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை ஃபெயில். பிறகு பதினொரு வருடம் சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேஜை. எட்டுச் சட்டை வருகிற துணியில் ஒன்பது சட்டை வரவேண்டும் என்று அட்டை வடிவங்களைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்த ஒரு நாளில்தான் அவளுக்கு உறைத்தது: பள்ளிக்கூடத்தில் விடையைச் சொல்லித் தந்தார்கள், கணக்கை யாருமே சொல்லித் தரவில்லை. வந்த கோபத்தில் தபால் வழியில் படிக்க ஆரம்பித்து, முப்பத்தைந்து வயதில் பட்டம் வாங்கினாள். கோபப்பட்டு உருப்பட்ட சிலரில் அவளும் ஒருத்தி.

இரண்டாவது கட்டத்தில், ‘வகுப்பில் ரப்பருக்கு அனுமதி இல்லை, தப்பு அப்படியே கிடக்க வேண்டும். தினமும் போர்டில் ஒரு வரியை வேண்டுமென்றே தப்பாகப் போடுவேன், பிள்ளைகள் பிடிக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தாள். மூன்றாவதில், ‘குத்துச்சண்டை பார்ப்பது. நல்ல குத்து விழுந்தால் விசில் அடிப்பது.’

மறுநாள் முதலாளி தன் கைப்படத் திருத்திய தாளை நீட்டினார். அதில் இருந்த டீச்சர் சிறு வயதிலேயே கணித மேதை. நவீன முறையில் கற்பிப்பவர். ஓய்வு நேரத்தில் தோட்டம் போடுபவர். நம் டீச்சர் வீட்டில் இருந்த ஒரே கள்ளிச் செடி போன வருடம்தான் தண்ணீரில்லாமல் செத்தது!

“இது யாரு சார்?”

“நீங்கதான்.”

“நான் இவங்களைப் பார்த்ததே இல்லையே.”

முதலாளி சிரிக்கவில்லை. “ஞாயித்துக்கிழமை பெற்றோர் கூட்டம். எல்லார் முன்னாடியும் இதை அப்படியே படிங்க. இல்லேன்னா உங்க பின்ரூம் பேட்ச் அன்னைக்கோட சரி.”

பின்ரூம் பேட்ச் என்பது ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து அறையில் உட்காரும் பதினோரு பிள்ளைகள், அத்தனை பேரும் கணக்கில் ஒருமுறை தோற்றவர்கள். வேறெந்த ஆசிரியரும் தொட மாட்டேன் என்ற பேட்ச். பரீட்சைக்கு ஏழே வாரம். தனக்கு வேலை போனால் இன்னொரு வேலை தேடிக்கொள்வாள். பதினோரு பேரை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பாள்? அவள் வீட்டில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்தாலே முட்டி இடிக்கும். ஒரு தாள்தானே, படித்துத் தொலைத்துவிடலாம் என்று முடிவு செய்துகொண்டாள். அந்த முடிவு அவளுக்கே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. பின்ரூம் பேட்ச் பிள்ளைகளின் பெற்றோர் கடைசி வரிசையில், கதவை ஒட்டி, என்னவோ தாங்களே குற்றம் செய்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி மைக்கைப் பிடித்தார்.

“அடுத்து நம்ம கணக்கு டீச்சர். தோல்வின்னா என்னன்னே தெரியாதவங்க!”

கடைசி வரிசையில் தலைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. அதைப் பார்த்ததும் டீச்சருக்கு வந்ததே கோபம்! தாளை நான்காக மடித்து மேஜையில் வைத்தாள்.

“எனக்குத் தோல்வி நல்லாத் தெரியும். பத்தாவதுல கணக்குல ரெண்டு தடவை ஃபெயில் நான்.”

ஹால் சலசலத்தது. முன்வரிசையில் டை கட்டிய ஒரு தகப்பனார் எழுந்தார். “ஃபெயிலானவங்ககிட்டயா பிள்ளைங்களை விட்டிருக்கோம்?”

“ஆமா சார். ஒரு பிள்ளை எந்த இடத்துல வழுக்கி விழும்னு, விழுந்தவளுக்குத்தான் தெரியும்.”

அவள் போர்டில் எழுதினாள். ஒரு பள்ளியில் நூறு பேர். முதல் வருடம் இருபது சதவீதம் கூடியது: நூற்று இருபது. மறு வருடம் இருபது சதவீதம் குறைந்தது: நூறு.

முதலாளி பக்கம் திரும்பினாள். “நான் பரீட்சையில போட்டது இப்படித்தான். சார், சரியா?”

முதலாளிக்கு உயிர் திரும்பி வந்தது. கூட்டத்தை எப்படியாவது தூக்கி நிறுத்த வேண்டுமே! “பின்னே? நூத்துக்கு நூறு சரி. எவ்வளவு தெளிவாப் போட்டிருக்காங்க, பாருங்க!” கைதட்டலும் அவரே ஆரம்பித்தார். டை கட்டியவரும் தட்டினார்.

“கடைசி வரி தப்பு.”

கதவோரம் ஆஸ்பத்திரிச் சீருடையில் ஒரு அம்மா எழுந்து நின்றாள். “கூடினது நூத்துல இருபது சதவீதம். குறைஞ்சது நூத்திருபதுல. அப்போ இருபத்துநாலு போகும். தொண்ணூத்தாறு.”

“நீங்க என்ன படிச்சிருக்கீங்க?” என்று முதலாளி எரிந்து விழுந்தார்.

“எட்டாவதுங்க. என் பொண்ணு தினமும் வீட்டுக்கு வந்து எனக்கு இப்படித்தான் தப்புத் தப்பாப் போட்டுக் காட்டுவா. பிடிக்கலேன்னா விடவே மாட்டா.”

யாரோ சிரித்தார்கள். பிறகு பாதி ஹாலே சிரித்தது. டை கட்டியவர் தட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிக்கொண்டார். முதலாளிக்கு அவமானத்தில் காது சிவந்துவிட்டது. டீச்சர் பக்கம் குனிந்து பல்லைக் கடித்தார்.

“நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம். அந்தப் பேட்சும் வேண்டாம்.”

மைக் அணைக்கப்படவில்லை. ஹால் முழுக்கக் கேட்டது.

டீச்சர் ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் கவிழ்ந்திருந்த தலைகள் இப்போது நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. சீருடை அம்மா உட்காரவேயில்லை.

“நாளைக்கு கிளாஸ் எங்க டீச்சர்?”

“எங்கன்னு இன்னும் தெரியலம்மா,” என்றாள் டீச்சர், மைக்கிலேயே. “ஆனா அஞ்சரைக்கு. யாரும் லேட்டா வரக்கூடாது.”