குற்றம் செய்யாத பையன்கள்

பொருளாதாரப் பேராசிரியருக்கு வீட்டில் மதிப்பு வந்ததே போன வருஷம்தான். வேலையில்லாத பையன்களுக்குப் பைக் கொடுத்து டெலிவரியில் சேர்த்துவிட்டால் திருட்டும் அடிதடியும் குறையும் என்று அவருடைய ஆய்வு சொன்னது. டிவியில் கொஞ்ச நேரம் முகமும் வந்தது. அதுவரை "இவன் என்னதான் வேலை பார்க்கிறான்?" என்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா, சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டுச் சொன்னாள். அதோடு விடாமல், அடிதடிக் கேஸில் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷன் படியை மிதித்துவிட்டு வந்த தன் மகனையும் இந்த வாரம் அந்தப் பைக் திட்டத்தில் சேர்த்துவிட்டாள்.

இன்று மதியம்தான் பேராசிரியர் ஆய்வின் கடைசிப் பகுதியான உடல்நலத்துக்கு வந்தார். பையன்களின் போலீஸ் பதிவோடு ஆஸ்பத்திரிப் பதிவைக் கம்ப்யூட்டரில் சேர்த்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் சேர்த்துப் பார்த்தார்.

போலீஸில் பெயர் இல்லாதவனுக்கெல்லாம் குற்றம் பூஜ்யம் என்று போடச் சொல்லியிருந்தது அவர்தான். லாரிக்கு அடியில் போனவனுக்கும் பூஜ்யம். மழையில் சறுக்கி, எழுந்திருக்காமலே படுத்துவிட்டவனுக்கும் பூஜ்யம். செத்தவன் எங்கே போய்த் திருடுவான்? அவருடைய அட்டவணையில் அவர்களைப் போலத் தங்கமான பிள்ளைகள் வேறு யாருமில்லை. அவர்களை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டார். குறைந்திருந்த குற்றமெல்லாம் பழைய இடத்துக்கே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

அக்காவைப் போனில் கூப்பிட்டார். "அக்கா, அவனுக்கு வண்டி வேண்டாம்."

"காலையிலயே சாவி கொடுத்துட்டாங்களே. ஏன், நீ இன்னும் பஸ்ல தொங்குறியேன்னு பொறாமையா?"

"என் கணக்கு தப்புக்கா."

"நீ சின்ன வயசுலயே அப்படித்தானே. அவன்கிட்டயே சொல்லிக்கோ, எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

மருமகனுக்குப் போட்டார். உடனே எடுத்தான்.

"சொல்லுங்க மாமா. முதல் ஆர்டர், போய்க்கிட்டே இருக்கேன்."

"டேய், அந்த வண்டியைத் திருப்பிக் கொடுத்துடு. அதுல போன பசங்க நிறைய பேரு..."

காற்று இரைந்தது. பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"ஓட்டிக்கிட்டேவா பேசுற?"

"போனை ஹெல்மெட்டுக்குள்ள செருகியிருக்கேன். நீங்க கூப்பிட்டு எடுக்காம இருக்க முடியுமா? நிறைய பேரு என்ன ஆனாங்க, மாமா?"

மணியடித்த பிறகும் வாக்கியத்தை முடிக்காமல் வகுப்பை விடாத மனிதர், சட்டென்று போனை வைத்தார். அது அடித்தது. அவனேதான். எடுத்தால் ஓட்டிக்கொண்டே பேசுவான். எடுக்காவிட்டால் ஓட்டிக்கொண்டே மறுபடி போடுவான். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அடித்து ஓய்ந்தது.

இப்போது, மறுபடி அடிக்காதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.