கோமளாவின் பெயரில்

ராமாமணி அறைக்கதவைத் தாழிட்டு, செல்போனைத் தலையணையில் சாய்த்து வைத்தாள். மூன்று மணி வகுப்பு. கணவர் ராமுலு பட்டறையிலிருந்து திரும்ப ஆறாகும். காமிராவை அணைத்தாள், மைக்கை அணைத்தாள். கீழ்வீட்டுக் கோமளாவின் பெயரில்தான் சேர்ந்திருந்தாள்.

பெருந்துறையிலிருந்து போனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தரும் மேடம், ராமாமணியின் மகள் சைத்ரா.

சைத்ரா வேறு சாதியில் கதிரைக் கட்டிக்கொண்ட அன்று, அவள் செத்துப்போனதாக நினைத்து எல்லோரும் தலைமுழுகணும் என்றார் ராமுலு. ராமாமணியும் முழுகினாள். சொட்டச் சொட்ட நின்றவளை யாரோ படமெடுத்து மகளுக்கே அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை வருடமாகப் பேச்சில்லை. இருபத்திரண்டு வகுப்புகளிலும் இவள் வாய் திறக்கவில்லை. குரல் காதில் விழுந்தால் போதும் என்றிருந்தாள்.

இன்று பிரசன்ட் பெர்ஃபெக்ட். காரியம் முடிந்திருக்கும், ஆனால் அது இன்னும் நம்மை விட்டுப் போயிருக்காது, அப்போது இப்படிச் சொல்லணும் என்று விளக்கிவிட்டு, சைத்ரா ஒவ்வொருவராகக் கேட்டாள்: "ஹேவ் யூ ஈட்டன்?"

"ஐ ஹேவ் ஈட்டனுங்க மேடம்" என்றார் ஈரோட்டு அங்கப்பன்.

"இங்கிலீசுக்கு 'ங்க' வேண்டாங்கண்ணா."

"அப்ப மேடத்துக்கு மரியாதை வேண்டாமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சைத்ராவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் கேட்டுப் பழகிய அதே சிரிப்பு.

"கோமளாம்மா, இன்னைக்காவது பேசுங்க. ஹேவ் யூ ஈட்டன்?"

சாப்பிட்டாயா என்று மகள் கேட்டு எத்தனை நாளாயிற்று! பேசினால் கண்டுபிடித்துவிடுவாள். வகுப்பிலிருந்து நீக்கிவிட்டால் இந்தக் குரலும் இல்லை. தெரிந்தேதான் விரல் மைக்கைத் தொட்டது.

"எஸ். ஐ ஹேவ் ஈட்டன்."

மேடம், நெட் போயிருச்சுங்களா என்று அங்கப்பன் இரண்டு தரம் கேட்டார். அம்மாவும் மகளும் தெலுங்கைத் தவிர வேறெதிலும் பேசிக்கொண்டதில்லை. ஒரு சொல், அது திட்டாகவே இருந்தாலும், தெலுங்கில் வரட்டும் என்று ராமாமணி காத்திருந்தாள்.

தமிழில்தான் வந்தது.

"சரியாச் சொன்னீங்க, கோமளாம்மா. இனி உங்க முறை வந்தா பேச வேண்டாங்க. கேட்டுட்டு மட்டும் இருங்க."

பிறகு அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டாள்.

ராமாமணி மைக்கை அணைத்தாள். அணைந்துவிட்டதா என்று இன்னொரு தரம் பார்த்துக்கொண்டு, தெலுங்கில், சரி கண்ணு என்றாள்.